எனக்கு மிஸ்ஸி என்று பெயர் வந்த விதம்

என் தங்கை என்னை அக்கா என்று கூப்பிட்டதே கிடையாது. பேச வாய் திறந்த நாளிலிருந்து அவளுக்கு நான் மிஸ்ஸிதான். அவளைப் பார்த்து அவள் பிள்ளைகளும் மிஸ்ஸி பெரியம்மா என்றார்கள். என் வீட்டுக்காரர் கல்யாணமான மறு வாரமே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார், போகும்வரை விடவில்லை. இங்கே கிள்ளானில் நான் வாடிக்கையாகப் பூ வாங்கும் கடைக்காரருக்குக்கூட அது எப்படியோ தெரிந்துவிட்டது. "மிஸ்ஸி ஆன்டி, இன்னிக்கு மல்லி நல்லாருக்கு லா" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவுவார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள், அதனால் வந்த பெயர் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அது உண்மை இல்லை. பெயர் வந்தபோது எனக்குப் பத்து வயது. வைத்தது எங்கள் அம்மா. ஏன் வைத்தார் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று போன தீபாவளிக்கு முதல் நாள்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா போய் இருபது வருஷம் ஆகிறது.

மெர்டேக்காவுக்கு, அதாவது இந்த நாட்டுச் சுதந்திரத்துக்கு, கொஞ்சம் முந்தைய காலம். நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் பத்து வீட்டுக்காரர்களும் தும்முவார்கள். அப்பாவுக்குப் பாயிண்ட்ஸ்மேன் வேலை. தண்டவாளம் பிரியும் இடத்தில் நெம்புகோலைத் தள்ளி ரயிலைத் தடம் மாற்றிவிடுவார். அம்மா, மேட்டிலிருந்த ஒரு ரயில்வே துரை வீட்டில் ஆயா. துரையின் பெண் குழந்தையைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்து, சாயங்காலம் தெருவில் நடத்திக் கூட்டிப் போவது அவர் வேலை.

ஆயா என்றால் வெள்ளைப் புடவை கட்ட வேண்டும். அந்த வீட்டு மேம் போட்ட சட்டம் அது. புருஷன் உயிரோடு இருக்கும்போது வெள்ளை கட்டிக்கொண்டு போகிறாளே என்று எங்கள் வரிசையில் முணுமுணுத்தார்கள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பதில் நெற்றியில் குங்குமத்தை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பெரிதாக வைத்துக்கொண்டார். வேலை முடிந்து வந்ததும் பின்பக்கக் குழாயடியில் நின்று முகம் கழுவி, வெள்ளையை அவிழ்த்துப் போட்டுக் கலர்ப் புடவைக்கு மாறுவார். அதற்கு முன்னால் சாமி விளக்கைத் தொட மாட்டார். அப்பாவுக்குக் கோப்பிகூடக் கொடுக்க மாட்டார்.

துரை வீட்டுக் குழந்தை கிழித்துப் போட்ட படப் புத்தகங்கள் எனக்கு வந்து சேரும். எல்லாவற்றிலும் ஒரே ஊர்தான். கல்லால் கட்டிய சின்ன வீடு, புகைபோக்கி, ரோஜாக் கொடி, வேலிக்கு அந்தப் பக்கம் பசுமாடு, ஏப்ரன் கட்டிய அம்மா. அந்த அம்மா ஜன்னலோரத்தில் ஜாம் கிண்டுவாள், சாயங்காலம் பியானோ வாசிப்பாள். எனக்கு ஐஸ் கச்சாங்கில் சீவிக் குவிக்கும் ஐஸைத் தவிர வேறு பனி தெரியாது. ஆனாலும் அந்த ஊரில் எப்போது பனி கொட்டும், யார் வீட்டு நாய் எந்த வாத்தைத் துரத்தும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. போரிட்ஜ் என்பது ஏதோ தேவலோகத்துப் பண்டம் என்று நம்பியிருந்தேன். அது வெறும் கஞ்சி என்று பிற்பாடு தெரிந்தபோது மனசு விட்டுப்போனது. பிள்ளைப் பிராயத்தை எங்கே கழித்தாய் என்று யாராவது கேட்டால், பாதியைப் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பாதியைப் பார்த்தே இராத ஒரு பிரிட்டிஷ் கிராமத்திலும் என்றுதான் சொல்ல வேண்டும்.

என்னை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்க அம்மா மேமிடம் கடிதம் கேட்டு வாங்கினார். எப்படிக் கேட்டார், எத்தனை நாள் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. அந்த வகுப்பில் கிளார்க் பெண்கள், டாக்டர் பெண்கள், ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரின் மலாய்ப் பெண் எல்லோரும் இருந்தார்கள். உங்கள் அப்பா என்ன வேலை என்று கேட்டால் "ரயில்வே" என்பேன். அந்த ஒரு வார்த்தைக்குள் பெரிய துரை முதல் தண்டவாளத்தில் கல் கொட்டுகிறவர்வரை எல்லோரும் அடக்கம். அதற்கு மேல் யாரும் துருவவில்லை. நானும் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் 'என் தாய்' என்று கட்டுரை எழுதச் சொன்னார் டீச்சர். பவுடர் வாசனையோடு வருபவர். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதற்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தேன். என் தாய் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறாள், ஜாம் கிண்டுகிறாள், சாயங்காலம் எங்களுக்காகப் பியானோ வாசிக்கிறாள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஏப்ரனை மட்டும் விட்டுவிட்டேன்; அது நம்புகிற மாதிரி இருக்காது என்று தோன்றியது. பியானோ மட்டும் நம்புகிற மாதிரி இருக்கும் என்று எப்படித் தோன்றியதோ! டீச்சர் அதை வகுப்புக்கு முன்னால் உரக்கப் படித்தார், சுவரில் குண்டூசி குத்தி மாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கட்டுரைக்கு முதல் மார்க் என்று மட்டும் சொன்னேன். எதைப் பற்றி எழுதினாய் என்று கேட்டார். பசுமாட்டைப் பற்றி என்றேன்.

அடுத்த வாரம் மழை நாள். தையல் வகுப்பு இருந்தது. தையல் துணி மூட்டையை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். மறந்தால் வகுப்பு முடியும்வரை பெஞ்சின் மேல் நிற்க வேண்டும். அதை நான் தினமும் வீட்டில் சொல்லிச் சொல்லிப் பயந்திருக்கிறேன். அம்மா அதை நினைவு வைத்திருக்கிறார்.

வகுப்பு வாசலில் அம்மா வந்து நின்றார். வெள்ளைப் புடவை முழங்கால்வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. இடுப்பில் துரை வீட்டுக் குழந்தை. குடை முழுவதும் அதன் தலைக்கு மேல்தான் இருந்திருக்க வேண்டும்; அது ஒரு பொட்டு நனையவில்லை. அம்மாவின் குங்குமம் கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. கையில் என் மூட்டை.

"ஆயா, எறக்கு. நான் நடக்கறேன்" என்றது குழந்தை, சுத்தமான தமிழில். மஞ்சள் முடி வைத்த பிள்ளை தமிழ் பேசியதைக் கேட்டு வகுப்பே சிரித்தது.

மூட்டையில் என் பெயர் தைத்திருந்தது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு என்னை எழுப்பினார். இது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதட்டலே இல்லை. நல்லபடியாகத்தான் கேட்டார். வாசலை ஒட்டிய சுவரில் என் கட்டுரை மாட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் அம்மா நின்றார்.

"தட் இஸ் மை ஆயா, டீச்சர்" என்றேன்.

தடுமாறவே இல்லை நான். குரல்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. பயந்துபோய் உளறியிருந்தால்கூட எனக்கு நானே ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்த டீச்சரைப் பார்த்தே கற்ற அழகான உச்சரிப்போடு, முழு வாக்கியமாகச் சொன்னேன்.

எனக்கு அடுத்த பெஞ்சில் இன்ஸ்பெக்டர் பெண் நிஜமாகவே குழம்பிவிட்டாள். மலாயில் ஆயா என்றால் அப்பா. "ஆயா? யுவர் ஃபாதர்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். இவளுடைய அப்பா புடவை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று ஒருத்தி சொல்ல, பெஞ்சைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். டீச்சரும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். ஆமாம், நானும்தான்.

அம்மாவுக்குப் புரிந்திருக்காது என்று பிற்பாடு எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். துரை வீட்டில் ஆங்கிலம் கேட்டுக் கேட்டுப் பழகியவர். பாசாரில் மீன்காரரோடு மலாயில் மல்லுக்கட்டி விலை குறைப்பவர். அந்த வகுப்பில் இரண்டு ஆயாவும் முழுசாகப் புரிந்த ஒரே ஆள் அவர்தான்.

சிரிப்பு அடங்குகிறவரை காத்திருந்தார். அப்புறம் டீச்சரைப் பார்த்துத் தலையைக் குனிந்து, "எஸ் மேம். மிஸ்ஸி ஃபர்காட், மேம்" என்றார். என் பெஞ்சுக்கு வந்து, மூட்டையை இரண்டு கையாலும் பிடித்து நீட்டி, "மிஸ்ஸி, யுவர் சூயிங்" என்றார். துரை வீட்டில் அப்படித்தான் கொடுப்பாராக இருக்கும். அவர் விரலிலிருந்து சொட்டிய தண்ணீர் என் நோட்டில் விழுந்து மை பரவியது. திரும்பிப் போகும்போது அந்தக் குழந்தை என்னைக் கை காட்டி, "ஆயா, அது யாரு?" என்று கேட்டது. அம்மா சொன்ன பதில் மழையில் எனக்குக் கேட்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போகக் கால் எழும்பவில்லை. விறகுக் கட்டையால் விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அம்மா வந்தார், முகம் கழுவினார், புடவை மாற்றினார், விளக்கேற்றினார். அப்பாவும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம்.

"மிஸ்ஸி, சோறு போடவா?" என்றார் அம்மா.

அப்பா சிரித்துவிட்டார். "என்ன இது, புதுப் பேரு?"

"இங்கிலீஷ் ஸ்கூல்ல படிக்கிற புள்ள. வேற என்னன்னு கூப்புடறது?" என்றார் அம்மா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சோற்றை நடுவில் குவித்து, குழம்பை ஓரமாக ஊற்றி, தட்டைச் சுற்றிச் சிந்தியதைத் துணியால் துடைத்தார். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அப்படிப் பரிமாறியதில்லை.

மூன்று நாள் அப்படி நடந்தது. "மிஸ்ஸி, குளிக்கத் தண்ணி ரெடி." "மிஸ்ஸி, தலை வாரட்டுமா?" எப்போதும் அம்மா தலை வாரினால் மண்டையே கழன்று வருகிற மாதிரி இழுப்பார், கத்தினால் முதுகில் சீப்பாலேயே ஒன்று வைப்பார். அந்த மூன்று நாளும் பூப்போல வாரினார். வலிக்கவே இல்லை. நான் சத்தமில்லாமல் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னிச்சிடும்மா என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அப்பா என்ன என்று கேட்பார், அப்புறம் பத்து வீட்டுக்கும் தெரிந்துவிடும் என்ற பயம். பார்த்தீர்களா, அப்போதும் என் மானம்தான் எனக்கு முக்கியமாக இருந்தது.

நான்காம் நாள் காலை பழையபடி இழுத்தார். "ஆடாம உக்காரு, எருமை" என்று முதுகில் ஒன்று வைத்தார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அம்மா அந்தப் பெயரை அதோடு விட்டுவிட்டார். ஆனால் ஒன்றரை வயதுத் தங்கை பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் சொற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு அக்காவைவிட மிஸ்ஸி சுலபமாக வந்தது. குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவியது. அப்புறம் அம்மாவுக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது.

நான் டீச்சர் வேலைக்குப் போன முதல் நாள், வரிசை வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, "எங்க மிஸ்ஸி டீச்சரம்மா ஆயிட்டா" என்று அம்மா சொன்னார். குத்தலா, பெருமையா என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் மிஸ்ஸி என்ற ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் பார்த்தேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அன்னிக்கு ஸ்கூல்ல..." என்று ஆரம்பித்தேன். "தண்ணி குடு மிஸ்ஸி" என்றார். கொடுத்தேன். அதற்குள் தங்கை வந்துவிட்டாள். மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பாவுக்கு முன்னால், பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தார்.

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் அம்மா அப்பாவுக்குப் படையல் போடுவது தங்கை வீட்டில்தான். அவள் சுங்கை பூலோவில் இருக்கிறாள். போன தீபாவளிக்கும் போனேன். இரண்டு படங்களுக்கும் முன்னால் இலை போட்டு, ஆட்டுக் கறி, நெத்திலிச் சம்பல், முறுக்கு, அம்மாவுக்குப் பிடித்த பால் விடாத கோப்பி ஓ எல்லாம் வைத்திருந்தாள். இலைக்குப் பக்கத்தில், வழக்கம்போல அம்மாவுக்கு ஒரு புதுப் புடவை.

அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "யாரு இத வாங்குனது? அம்மாவுக்கு வெள்ளை வைக்காதன்னு எத்தன தடவ சொல்றது?"

"கிரீம் கலர் லா மிஸ்ஸி. பார்டரப் பாரு, தங்கக் கலரு. இப்ப இதான் ஃபேஷன்."

"கிரீமாவது ஒண்ணாவது. எடு அத."

"ஏன் இப்படிக் கத்தற? அம்மா வேலைக்குக் கட்டுனதே வெள்ளைதான? அந்த வெள்ளைப் பொடவையிலதான உன் ஸ்கூலுக்கு வந்தாங்க?" என்றாள் தங்கை.

அது இவளுக்கு எப்படித் தெரியும்? அவள் மகள் அடுப்படியிலிருந்து கைபேசியோடு ஓடி வந்தாள். "மிஸ்ஸி கதையா? மா, இரு இரு, ரெக்கார்ட் பண்றேன். ஃபேமிலி குரூப்ல போடலாம். இப்ப சொல்லு."

தங்கை முந்தானையைச் சரிசெய்துகொண்டு கைபேசியைப் பார்த்துச் சொன்னாள். பல தடவை சொல்லிப் பழகிய கதை என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. நான் இல்லாத இடங்களில் சொல்லியிருக்கிறாள்.

"அன்னிக்கு நல்ல மழை. அம்மா தொப்பலா நனைஞ்சுபோய், இடுப்புல வெள்ளைக்காரக் குட்டியோட கிளாஸ் வாசல்ல நிக்கறாங்க. எல்லாம் பணக்காரப் புள்ளைங்க. சிரிக்கிறாங்க. டீச்சர் 'யாரு இது'ன்னு கேட்டாங்களாம். நம்ம மிஸ்ஸி டக்குனு எழுந்து நின்னு, 'தட் இஸ் மை மதர்'னு சொன்னாளாம். கிளாஸே கப்சிப். டீச்சருக்குக் கண்ணு கலங்கி, 'குட் கேர்ள், மிஸ்ஸி'ன்னாங்களாம். அதுலேருந்து வந்த பேருதான் இது."

"யாரு சொன்னா உனக்கு?" என்றேன்.

"அம்மாதான். எத்தன தடவ! நான் செகண்டரி படிக்கறப்ப ஒரு நாள் அம்மா அதே மாதிரி ஸ்கூல் கேட்டுல வந்து நின்னாங்க. அப்ப வேற வீட்டுல வேலை, அதே வெள்ளைப் பொடவ. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஒளிஞ்சுக்கலாம்னுகூடத் தோணுச்சு. அப்பறம் உன்ன நெனச்சுக்கிட்டேன். ஓடிப்போய் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து என் கூட்டாளிங்க எல்லாருக்கும் காமிச்சேன்." தங்கையின் கண்ணில் தண்ணீர். "அந்தத் தைரியம் உன்னால வந்தது, தெரியுமா?"

"சூப்பர் லா பெரியம்மா" என்று அவள் மகள் கைபேசியை என் பக்கம் திருப்பினாள்.

தலையை ஆட்டியிருக்கலாம். எழுபது வருஷமாக ஆட்டிய தலைதானே. எதிரே படத்தில் அம்மா. நான் சொல்லியிருக்க வேண்டியதை எனக்காக அவரே சொல்லி, என் தங்கை கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னொரு மகள் அப்படி ஆகிவிடக்கூடாது என்று சொன்னாரா, என் மானத்தைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாரா, அப்படி நடந்ததாகவே நம்ப ஆசைப்பட்டாரா, தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அந்தப் பொய்யை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

"இல்ல. நான் ஆயான்னு சொன்னேன்" என்றேன்.

தங்கை சிரித்தாள். "வெளயாடாத லா."

"மை ஆயான்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். மிஸ்ஸின்னு கூப்புட்டது அம்மா. வேலைக்காரி மாதிரி தலையக் குனிஞ்சு கூப்புட்டாங்க."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. "அப்ப அம்மா சொன்னது?"

"பொய்" என்றேன். படையலுக்கு முன்னால் நின்று அம்மாவைப் பொய்க்காரி ஆக்கினேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

"டிலீட் பண்ணிடவா பெரியம்மா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

தங்கை குனிந்து கிரீம் புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளைக்குத் தான் கட்ட வைத்திருந்த பச்சைப் புடவையைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். கும்பிட்டோம். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாம் முடிந்ததும் தரையில் பாயை விரித்து இலை போட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். வா மிஸ்ஸி, வந்து கொட்டிக்க என்றுதான் வருஷா வருஷம் கூப்பிடுவாள்.

"உக்காருங்கக்கா" என்றாள். "சோறு போடவா?"